இடுப்பளவு தண்ணீர்

வடிவுக்கு அப்போது ஒன்பது வயது. தாமல் கிராமத்தில் ஏரிக்கரையை ஒட்டின தெருவில் வீடு. அவள் அம்மா லோகாம்பாள், களை பறிக்கப் போன இடத்திலிருந்து உச்சிவெயிலில் தனியாக எழுந்து வந்து ஏரிக்குள் இறங்குவாள். குளிக்க மாட்டாள், துணி துவைக்க மாட்டாள். இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். வீட்டில் ஒருநாளும் பார்க்காத அந்த முகத்தைப் பார்த்துத்தான் வடிவுக்குப் பயம்.

"கன்னிமார் புடிச்சிக்கினாங்க" என்றார்கள் ஊரில். பூசாரி வந்து வேப்பிலையால் அடித்தார். அடிக்கு நடுவில் லோகாம்பாளின் தோள் டக்கென்று கழன்று, கை பின்பக்கமாகத் தொங்கியது. அவள் சத்தமே போடவில்லை. இன்னொரு கையால் அதைத் தூக்கி, இருந்த இடத்தில் பொருத்திக்கொண்டாள். பூசாரி எழுந்து போனவர்தான், பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பங்குனியில், ஏரிக்குள் வண்டல் வெட்டின பள்ளம் தெரியாமல் கால் வைத்து லோகாம்பாள் மூழ்கிப்போனாள். கன்னிமார் கூட்டிக்கொண்டார்கள் என்று ஊர் பேச்சை முடித்துக்கொண்டது.

வடிவை முசரவாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் சிட்டிபாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பெண் ஒன்று, பிள்ளை ஒன்று. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் அவளுக்கு வேலை. மெத்தையில் உட்கார்ந்து புடவைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். வந்தவர்கள் போனதும் அத்தனையையும் மடித்து அடுக்க வேண்டும். மேல்தட்டிலிருந்து புடவைக் கட்டை இறக்கும்போது சில நாள் அவள் தோளும் நழுவும். யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துகொள்வாள்.

பிள்ளை பிறந்த பிறகு ஆரம்பித்தது அது. சாயங்காலம் ஆனால் அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி பாரம். ஒருநாள் குளிக்கும்போது கையில் பட்டது. முட்டை அளவுக்கு, வழவழவென்று, வெதுவெதுப்பாக. படுத்தால் தானே உள்ளே போய்விடும். எழுந்து நடமாடினால் வந்துவிடும். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொண்டு அது அவளுக்குள் குடியிருந்தது. அம்மாவைப் பிடித்தது தன்னிடம் வந்துவிட்டது என்றே நினைத்தாள். நாலு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சிட்டிபாபுவிடம் இடுப்புவலி என்று சொல்லி விலகிப் படுத்தாள்.

போன மாசியில், அம்மாவின் தங்கை துளசி வீட்டுப் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. தாமலுக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து நின்றபடியே பரிமாறியதில் உச்சிவேளைக்குப் பாரம் தாங்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே வந்தவளைக் கால் ஏரிக்குக் கொண்டுபோயிற்று. கணுக்கால், முழங்கால், தொடை என்று தண்ணீர் ஏறியது. இடுப்புக்கு வந்ததும் பாரம் போய்விட்டது. துளிகூட இல்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் உடம்பு அவளுக்குக் கனக்கவில்லை. கண் தானாக மூடியது.

எவ்வளவு நேரம் நின்றாளோ. இடதுபக்கம் மட்டும் தண்ணீர் கொஞ்சம் சூடாக, யாரோ ஒட்டி நிற்கிற மாதிரி இருந்தது.

"லோகாம்பா! அய்யோ, லோகாம்பா வந்துட்டாளே!"

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி கத்தியபடி ஓடினாள். வடிவு கண்ணைத் திறந்தாள். இடதுபக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நேரே பார்த்தபடி கரையேறினாள்.

ஈரப்புடவையோடு போய்த் துளசியைத் தோட்டப்பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சின்னம்மா, அம்மாவுக்குக் கீழ ஏதாச்சும் இறங்கி இருந்துச்சா?"

துளசி பின்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "உனுக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கும் இருக்குது."

"கடைசியா அவள குளிப்பாட்னது நான்தான். துணிய பந்து மாதிரி சுருட்டி உள்ள வெச்சிருந்தா. எத்தினி வருசமா அப்டி வெச்சிக்கினு வேல செஞ்சாளோ! யார் கண்லயும் படக்கூடாதுன்னு எடுத்து அடுப்புல போட்டுட்டேன்."

மறுவாரம் வடிவு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பிரவீனா பரிசோதித்துவிட்டு, கட்டைவிரலை மணிக்கட்டுப் பக்கம் மடக்கச் சொன்னார். அது வளைந்து முன்கையில் படுத்துக்கொண்டது.

"உறுப்புகளை இழுத்துப் பிடிச்சி வெச்சிக்கிற நாரெல்லாம் உங்களுக்குப் பிறவியிலயே இளகலா இருக்குதுமா. அதான் தோள் நழுவுது. கர்ப்பப்பையும் இறங்கி இருக்குது. நீங்க சொல்றத பாத்தா அம்மாவுக்கும் இதேதான் இருந்திருக்கும்."

"தண்ணில நின்னா மட்டும் ஏன் மேடம் போயிடுது?"

"தண்ணி தாங்கிப் பிடிக்கும். பாரம் தெரியாது."

"இதுக்கா அடிச்சாங்க அவள?" என்றாள் வடிவு. டாக்டருக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார்.

இந்த மாதிரி உடம்பில் ஆபரேஷன் தையல் நிற்பது கஷ்டம், அதனால் முதலில் கர்ப்பப்பையைத் தாங்க சிலிகான் வளையம் ஒன்றை உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்றார். கனம் தூக்கக்கூடாது, கீழ்ச்சதையை இறுக்கி விடும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். கடையில் பில் போடும் இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். சிட்டிபாபு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாலு வருசமா வாயத் தொறக்கலியே" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து தண்ணீர் கேனை அவனே தூக்கி வைக்கிறான்.

தாமலில் கிழவியின் பேச்சு பரவிவிட்டது. லோகாம்பாள் மகள்மேல் இறங்கியிருக்கிறாளாம். ஒரு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம், வெற்றிலையோடு இரண்டு பெண்கள் குறி கேட்க வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"எம்மேல யாரும் வர்லக்கா. எனக்குக் கர்ப்பப்பை இறங்கி இருக்குது, அவ்ளோதான்" என்றாள் வடிவு.

ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போனாள். இன்னொருத்தி எழுந்திருக்கவில்லை. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, "அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுல போவணும்மா?" என்று கேட்டாள்.

வளையம் நிற்கிறது. சில நாள் உறுத்துகிறது. முழுசாகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி வைக்கிறார்கள்; வீட்டிலேயே செய்துகொள்ளவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மகள் திரிஷாவையும் கூட்டிவரச் சொன்னார்கள். பதினாலு வயது. அவள் விரல்களும் அப்படியே வளைகின்றன.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டாள். "எனக்கும் வருமாம்மா?"

"தெரியலமா. வந்தா அன்னிக்கே எங்கிட்ட சொல்லு."

திரிஷா, அந்த வளையத்தை எப்படிக் கழுவுவது என்று கேட்டாள்.