இல்லை என்று நான் போட்ட டிக்

நான்கு வருடம் ஆகிறது. பொங்கல் முடிந்து மாசி பிறந்த சமயம். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷன் படியிறங்கி மார்க்கெட் பக்கம் திரும்பினால் ஒரு சந்து வரும். அதில் இருக்கிற பைண்டிங் கடையில்தான் இது ஆரம்பித்தது. நான் அங்கே பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்கு வருவதில் முக்கால்வாசி தீசிஸ். மேல்படிப்புப் படிக்கிறவர்கள் ஆராய்ச்சி செய்து எழுதுகிற புத்தகம். ஒரு காலேஜுக்குக் கருப்பு அட்டை, இன்னொன்றுக்கு மெரூன், இன்னொன்றுக்கு நீலம். மேலே தங்க எழுத்து. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும், வார்த்தை தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கோத்து அடிப்பேன். எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று அவர்களே சொல்வார்கள். ஏரித் தண்ணீர், நண்டு, பேங்க், ஷாம்பு, சர்க்கரை வியாதி. எல்லாம் என் கையால் தைத்து, ஒட்டி, வெட்டிப் போயிருக்கிறது.

அதோடு இன்னொரு வேலையும் உண்டு. போர்டில் போட்டிருக்க மாட்டோம். கொஸ்டினர் நிரப்புவது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருநூறு பேர், முந்நூறு பேரிடம் போய்க் கேள்வி கேட்டுத் தாளில் டிக் அடித்து வாங்கி வர வேண்டும். பாதிப் பேரைப் பார்ப்பதற்குள் நாள் முடிந்துவிடும். மீதித் தாளை எங்களிடம் தள்ளிவிடுவார்கள். நான்தான் நிரப்புவேன். அதற்கென்று சில வழிகள் இருக்கின்றன. ஐந்தாறு பேனா வேண்டும். ஒன்று மை கக்குகிற பேனாவாக இருக்க வேண்டும். பத்துத் தாளுக்கு ஒரு தரம் இடது கையால் அடிக்க வேண்டும். ஒன்றிரண்டு கேள்வியைச் சும்மா விட வேண்டும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற மனுஷன் கிடையாது. கடைசியாகத் தாளை நாலாக மடித்துப் பிரித்துவிட்டால் யாரோ சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும்.

அப்படி நான் பேங்க் வாடிக்கையாளராக இருந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் மன அழுத்தத்தோடு வேலை பார்த்திருக்கிறேன். வாரம் மூன்று தரம் ஷாம்பு போட்டிருக்கிறேன். எனக்குத் தலையில் முடி கிடையாது.

முதலாளி இதைச் சொல்லிச் சிரிப்பார். "யோவ், எலெக்‌ஷன்ல உனக்கு மட்டும் நாப்பது ஓட்டு குடுக்கணும்யா. அத்தினி பேரா கீற நீ." நானும் சிரிப்பேன். தப்பு என்று தோன்றியதே இல்லை. ஷாம்பு பிடிக்கும் என்று எழுதினால் யார் சாகப் போகிறார்கள்?

அந்த மாசியில் ஒரு பெண் வந்தாள். மருத்துவத்தில் ஏதோ மேல்படிப்பு. இருபத்தைந்து வயது இருக்கும். அவளை நான் ஏமாற்றுக்காரி என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே தெருத் தெருவாகப் போயிருந்தாள். தாளைத் தொட்டதும் தெரிந்தது. நான் மடித்து உண்டாக்குகிற கசங்கல் வேறு, வெயிலில் கையில் வைத்துக்கொண்டு அலைந்த கசங்கல் வேறு.

பெண்களிடம் கேட்கிற கேள்விகள். தமிழில்தான் இருந்தன. மார்பில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா? ஆம், இல்லை. ஆம் என்று சொன்னவர்களை அவளே கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் காட்டி, டாக்டர் என்ன சொன்னார் என்று ரோஸ் கலர் தாள் ஒன்றில் எழுதிச் சேர்க்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. நடுவில் அவளுக்கு டெங்கு வந்து ஒரு மாதம் படுத்துவிட்டாள். தீசிஸ் கொடுக்க ஆறு நாள் இருந்தது. ரோஸ் தாள் ஒன்றுகூட எழுதவில்லை. அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவளுடைய கெய்டு சொல்லிவிட்டாராம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆம் என்று இருக்கிற தாள்களை மட்டும் புதுத் தாளில் இல்லை என்று மாற்றி எழுதிவிட்டால் ரோஸ் தாளே தேவைப்படாது. இதை அவள் சொல்லவில்லை. முதலாளியும் சொல்லவில்லை. சொன்னது நான். அத்தனை வருட அனுபவம்.

அவள் ஆம் என்று இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். பிறகு, "அண்ணா, அப்ப இவங்க?" என்று கேட்டாள்.

"பரீட்சையெல்லாம் முடிஞ்சதும் போய்க் கூப்டுக்கமா. இவங்க எங்க போயிடப் போறாங்க?" என்றேன்.

பழைய தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள், வந்து வாங்கிக்கொள்வதாக. சரி என்றேன்.

முப்பதுக்கு மேல் இருந்தன. ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டேன். தாளில் பேர் கிடையாது, நம்பர்தான். வயது, தெரு, எத்தனை பிள்ளைகள். தொழில் என்கிற இடத்தில் வீட்டு வேலை, சொந்தத் தொழில், கூலி என்று மூன்று கட்டம். சில தாளில் ஊரப்பாக்கம் என்று இருந்தது. நம்ம ஊர் என்று நினைத்தேன். அதோடு சரி. ஒரு தாளின் ஓரத்தில், கேள்வி கேட்கப் போன அந்தப் படிக்கிற பெண், 'வலி இல்லை, வீட்டில் சொல்லவில்லை' என்று எழுதி வைத்திருந்தாள். எந்த வீடோ, புருஷன் எப்படிப்பட்ட ஆளோ என்று நினைத்துக்கொண்டேன். ஓரத்தில் இருப்பதை எழுத வேண்டியதில்லை. போன் நம்பர் பின்பக்கம் இருந்தது. அதையும் எழுத வேண்டியதில்லை. அதனால் திருப்பிப் பார்க்கவில்லை.

வைகாசியில் அந்தப் பெண் பாஸ் செய்துவிட்டாள். கடைக்கு மைசூர்பா வாங்கி வந்து கொடுத்தாள். பழைய தாளை அவள் கேட்கவில்லை. நான் ஞாபகப்படுத்தவில்லை. எனக்குக் கொடுத்ததில் இரண்டு துண்டைத் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். யார் கொடுத்தது என்று என் மனைவி கேட்டாள். பெரிய படிப்பு முடித்த ஒரு பொண்ணு என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லித் தின்றாள்.

என் மனைவி மீன் விற்கிறவள். கோவளத்துப் பக்கம் பிறந்தவள். ஊரப்பாக்கத்தில் ரோட்டோரம் அன்னக்கூடையை வைத்து உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, நான் போய்க் கூடையை இறக்கிக் கொடுப்பேன். ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியாபாரம் நன்றாக இருந்தது. தராசை எடுக்கும்போது அவள் இடது கையை மடக்கியே வைத்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணியும் இல்ல. இங்க ஒரு கட்டி கீது. கைய தூக்குனா இழுக்குது."

எப்போதிலிருந்து என்றேன். அவள் தலை நிமிராமல் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மழைக்கு முன்னாடியே இருந்துது. பயந்துக்காதயா. மார்கழில ஒரு பொண்ணு பேப்பர் எடுத்துகினு வந்துச்சு, டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு. இங்கதான் குந்திகினு, யாவாரம் முடியற வரைக்கும் இருந்து கேட்டுச்சு. அதாண்ட சொன்னேன். கட்டி கீறவங்கள நாங்களே கூப்புடுவோம்னு நம்பர் எழுதிகினு போச்சு. கூப்புடல. அப்ப ஒண்ணியும் இல்லன்னுதானே அர்த்தம்?"

ஒரு அம்மா வந்து சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டார். என் மனைவி விலை சொன்னாள்.

பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. போன் வரும் என்று அவள் மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறாள். மீன் தண்ணீர் படாமல் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பிலேயே வைத்திருந்தாள். தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுத்தாள். லோன் வேண்டுமா என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஆஸ்பத்திரியாமா?" என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, படித்த பிள்ளையிடம் சொல்லியாயிற்று, அவர்கள் எழுதிக்கொண்டார்கள், உன்னிடம் சொல்லி நீ என்ன பண்ணப் போகிறாய் என்றாள். எழுதிக்கொண்டார்கள் என்றால் வேலை நடக்கும் என்று நம்புகிற சனம் நாங்கள்.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று டாக்டர், "ஏம்மா இவ்ளோ லேட்டா வர்றீங்க?" என்று கேட்டார். "பேப்பர்ல எழுதிகினு போனாங்க டாக்டர்" என்றாள் இவள். அவருக்குப் புரியவில்லை. பொங்கல் சமயத்தில் வந்திருந்தால் சின்னக் கட்டியோடு போயிருக்கும், இப்போது அக்குள் வரைக்கும் போய்விட்டது என்று என்னிடம் சொன்னார். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைக்குப் போனதும் மேஜைக்கு அடியில் தேடினேன். பழைய தாள் இல்லை. அட்டைக்குப் பசை தடவும்போது அடியில் வேஸ்ட் தாள் போடுவோம். மாதக்கணக்கில் யாரும் கேட்காததால் எடுத்துப் போட்டுவிட்டிருக்கிறோம். போட்டதில் பாதி என் கையாகத்தான் இருக்கும். மூலையில் நாலைந்து மட்டும் பசையில் ஒன்றோடொன்று ஒட்டி அட்டை மாதிரி கிடந்தன. பிரித்தேன். கிழிந்தது. அவள் தாள் எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓரத்தில் எழுதியிருந்த அந்தத் தாளாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் மாற்றிய முப்பதுக்கு மேற்பட்ட தாளில் அவளும் இருந்தாள். அது மட்டும் தெரியும்.

தங்க எழுத்து ஒன்று தப்பாக விழுந்துவிட்டால் அந்தக் காப்பியைக் கடையிலேயே வைத்துக்கொண்டு வேறு போட்டுக் கொடுப்போம். அந்தப் பெண்ணின் தீசிஸிலும் அப்படி ஒன்று அலமாரியில் கிடந்தது. காலேஜில் வாத்தியாராக இருந்துகொண்டு காமர்ஸில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு அம்மா தன் புத்தகத்தை வாங்க வந்தார். அவரிடம் அதைக் கொடுத்து, ஊரப்பாக்கம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். புரட்டிப் பார்த்தார். "ஊரப்பாக்கத்துல கேட்ட லேடீஸ்ல யாருக்கும் கட்டி இல்லன்னு வந்திருக்கு. நல்ல ரிசல்ட்தானே அண்ணா? ஏன் கேக்கறீங்க?" என்றார். சும்மா என்றேன். அவர் புத்தகத்தைப் பேப்பர் சுற்றிக் கொடுத்தேன்.

முதலாளியிடம் இனிமேல் கொஸ்டினர் நிரப்ப மாட்டேன் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் பசைச் சட்டியை மூடி வைத்தார். பிறகு, "நீ டிக் அடிச்சதாலயாயா கட்டி வந்துச்சு?" என்றார். இல்லைதான். கட்டி தானாக வந்தது. நான் எடுத்துக்கொண்டது அவளுடைய நாட்களை மட்டும்தான்.

அந்தப் பெண்ணின் நம்பர் ஆர்டர் புத்தகத்தில் இருந்தது. ஒரு தரம் போட்டேன். எடுத்து, "சொல்லுங்க" என்றாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. மீதி முப்பது பேரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றுதான் போட்டேன். வழி சொன்னவன் நான், அவளை எந்த வாயால் கேட்பது? கட் பண்ணிவிட்டேன். அன்று கேட்டிருக்க வேண்டும். அந்த முப்பது வீட்டில் யாராவது இன்னும் போனை இடுப்பில் வைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். கேட்காமல் விட்டது இரண்டாவது தப்பு.

ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, முளைத்தது. இடது கை வீங்கிப் போய் அப்படியே நின்றுவிட்டது. கூடை தூக்குவதில்லை. போன வருடம் முதுகெலும்பில் மறுபடி வந்திருக்கிறது. டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவளுக்கு அந்தப் பெண் மேல் கோபம் இல்லை. "எத்தினி வூடு ஏறி எறங்கிச்சோ, பாவம், மறந்துட்டிருக்கும்" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இதுவரை சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் இப்போது பைண்டிங் மட்டும் செய்கிறேன். கொஸ்டினர் கட்டோடு யாராவது வந்தால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்கிறேன். அவர்கள் பக்கத்துச் சந்துக்குப் போகிறார்கள், அங்கே நிரப்பிக் கொடுக்கிறார்கள். நான் நிறுத்தியதால் எதுவும் நிற்கவில்லை. ஆனால் தங்க எழுத்து அடிக்கும்போதெல்லாம், இந்த அட்டைக்குள் யாரோ ஒருத்தி ஆம் என்று சொல்லிவிட்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.