மினூவின் தூளி

வேகவைத்த மத்தித் தலையின் வாடையும், மாமா தாடை மழித்ததும் பூசிக்கொள்கிற கொலோன் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் அதுதான் எங்கள் அத்தை வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறிவிடும். இத்தனை வருடம் கழித்தும் எந்த வீட்டிலாவது மத்தி வேகிற வாடை வந்தால் எனக்குப் பசி வருவதில்லை, கோபம்தான் வருகிறது. பூனைகளை எனக்குப் பிடிக்காது. பூனை வளர்ப்பவர்கள் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அத்தை, அப்பாவின் அக்கா. அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் "சொல்தா" என்போம். அவர்களுக்குப் பிள்ளையில்லை. டவுனுக்குள் மரவிட்டம் போட்ட பழைய வீட்டில் அவர்கள் இரண்டு பேரும், அவர்களை ஆண்டுகொண்டிருந்த மூன்று பூனைகளும் இருந்தார்கள். அதில் மஞ்சள் நிறத்தில் தலையணை மாதிரி கொழுத்துக் கிடந்ததன் பெயர் "மினூ". பிரெஞ்சில் பூனைக்குட்டியை அப்படிச் சொல்வார்களாம். பிள்ளைகளையும் செல்லமாக அப்படிக் கூப்பிடலாம் என்று மாமா சொல்வார். அந்த ஒரு சொல்தான் எங்கள் குடும்பத்தை இரண்டாக்கியது.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. கருவடிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் தளம் ஒழுகியதால் அதைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் வேலை ஆரம்பித்திருந்தது. அப்பாவுக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. தம்பி பிறந்து மூன்று மாதம்கூட முடியவில்லை. சிமெண்ட் தூசியில் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, வேலை முடியும்வரை அக்கா வீட்டில் இருங்கள் என்று அப்பா எங்களைக் கொண்டுபோய் விட்டார். தூசிக்குப் பயந்து பூனை மயிருக்கு நடுவே போய் விழுந்தோம்.

அத்தை எங்களுக்கு உள்ளறையைக் கொடுத்தாள். நடுவிட்டத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. அம்மா தன்னுடைய நீலப் புள்ளிச் சேலையை அதில் கட்டித் தூளியாக்கினாள். முதல் நாளே மஞ்சள் பூனை வந்து தூளிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்தது. அம்மா விரட்டினாள், போய்விட்டுத் திரும்ப வந்தது. வீட்டுக்கு உரியவன் வாடகைக்காரனைப் பார்ப்பதுபோல் அது எங்களைப் பார்க்கும். அம்மா கதவைச் சாத்தினாள். அத்தை வந்து திறந்தாள்.

"என் வூட்ல வந்து என் பூனைக்கே கதவ சாத்துறியா? அதுங்க மாடிக்குப் போற வழி இந்த ஜன்னல்தான்."

"பால் வாசனைக்குக் கொழந்த மூஞ்சிமேல வந்து உக்காந்துடும் அண்ணி. மூச்சு முட்டிடும்."

"அது ஒண்ணும் பண்ணாது. சும்மா இரு."

இந்த "அது ஒண்ணும் பண்ணாது" என்பதை அந்த நாட்களில் நான் எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல முடியாது. அம்மா சாத்துவாள், அத்தை திறப்பாள். சண்டை வாயால் நடந்ததைவிடத் தாழ்ப்பாளால்தான் அதிகம் நடந்தது. அம்மா கொசுவலையை மடித்துத் தூளியின் வாய்மேல் போட்டு ஊக்கு குத்தினாள். பால் கொடுத்ததும் தம்பியின் வாயை ஈரத் துணியால் துடைத்தாள். அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் என் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து வாசற்படியில் உட்கார வைத்தாள். பூனை வந்தால் நான் ஓங்குவேன். அடித்தும் இருக்கிறேன், இன்னும் நன்றாக அடித்திருக்கலாம். சாயங்காலம் வரும் அப்பாவிடம் அம்மா முறையிட்டால் "கொஞ்ச நாள்தானே, அனுசரிச்சுப் போ" என்பார். அனுசரிக்கச் சொல்கிறவர்கள் எப்போதும் அந்த அறையில் படுப்பதில்லை.

விஷயத்தைப் போட்டு உடைத்தது கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள். பூனைகளுக்கென்று தினமும் கழிவு மீன் எடுத்து வருபவள். குழந்தையைப் பார்க்கிறேன் என்று உள்ளே எட்டிப் பார்த்தவள் சிரித்தாள்.

"இன்னாம்மா, பூனைய ஆட்டுன கொக்கியிலயே புள்ளையப் போட்டுட்டீங்க? மஞ்சப்பூனை இப்ப எங்கதான் தூங்குது?"

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. அந்தக் கொக்கியில் அதுவரை அத்தையின் பழைய சேலை தொங்கியிருக்கிறது. அதில் பூனையைப் போட்டு அத்தையும் மாமாவும் மாறி மாறி ஆட்டியிருக்கிறார்கள். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததும் அதை அவிழ்த்திருக்கிறார்கள். பூனைக்கு யார் போய்ச் சொல்வது? எங்களை விருந்தாளி என்று அது நினைக்கவேயில்லை, தன் படுக்கையில் எவனோ படுத்திருக்கிறான் என்றுதான் நினைத்திருக்கும். அன்றிலிருந்து அம்மா நாத்தனாரோடு பேச்சைக் குறைத்தாள். தளம் காய்ந்ததா என்று அப்பாவைத் தினமும் கேட்டாள்.

அந்த மத்தியானம் அம்மா பின்கட்டில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். பிழிவதற்கு ஒரு முனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள். நான் விளக்குமாற்றோடு தயங்கி நின்றேன். சாய்வு நாற்காலியை அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்ட மாமா, "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். தம்பியின் முகம் பார்க்க வேண்டும் என்று கொசுவலையை விலக்கினார். நான் போகும்போது, தூளியை ஆட்டியபடி அவர் "தோதோ, மினூ, தோதோ" என்று மெல்லப் பாடத் தொடங்கியிருந்தார். தூங்கு, தூங்கு என்று அர்த்தமாம். அவருக்குத் தெரிந்த ஒரே தாலாட்டு அது. அதை அவர் யாருக்குப் பாடிப் பழகியிருந்தார் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

நான் திரும்பி வந்தபோது மாமா நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூளி வழக்கத்தைவிடத் தாழ்ந்து தொங்கியது. அதன் விளிம்பில் மஞ்சள் வால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நான் போட்ட கத்தலில் அம்மா ஈரச் சேலையோடு ஓடிவந்தாள். தம்பியின் முகத்தை மூடிப் படுத்திருந்த பூனையைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் எறிந்தாள். போகிற போக்கில் அது தம்பியின் காதுக்கு முன்னால் நகத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது. தம்பியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அம்மா அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள், குலுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியில் அவன் இருமி, அழுதான். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அத்தை அடுக்களையிலிருந்து வந்தாள். வந்தவள் நேராகச் சுவரோரத்துக்குப் போனாள். பூனையைத் தூக்கி அதன் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நொண்டுதே... இப்பிடியா தூக்கி அடிப்ப?" என்றாள். என் தம்பியின் கன்னத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அம்மா தலையை நிமிர்த்தினாள். "பூனையத் தூளில போட்டுத் தாலாட்டுனா உங்க வயித்துல புள்ள எப்புடி அண்ணி தங்கும்?"

அத்தை பூனையைக் கீழே விட்டுவிட்டு வெளியே போனாள். மாமா விழித்துக்கொண்டு என்ன, என்ன என்று கேட்டார். கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டுக்கொண்டு அங்கிருந்து தளம் காயாத எங்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தோம். தூசி எவ்வளவோ மேல் என்றாள் அம்மா. கட்டிய தூளியை அவிழ்த்து வர யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அப்பா மட்டும் தன் அக்காவைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அம்மா அவளைப் "பூனைக்காரி" என்றே சொன்னாள். மாமா இறந்தபோதுகூட அம்மா போகவில்லை. அந்த நீலப் புள்ளிச் சேலையை அத்தையிடம் கேட்டு வாங்கி வரச் சொல்லி அப்பாவை அவள் ஒருமுறையும் அனுப்பவில்லை.

போன வருடம் அத்தை போய்விட்டாள். சாவுக்கு எப்படிப் போகாமல் இருப்பது என்று இந்த முறை அம்மாவும் வந்தாள். வீட்டில் மத்தி வாடை இல்லை, பூனைகளும் இல்லை. அவை எப்போதோ செத்துப் போயிருந்தன. உள்ளறைக் கதவு சாத்தித் தாழிட்டிருந்தது. அதன் வெளிப்பக்கம், கீழ்ப்பாதி முழுக்க, பச்சைப் பெயிண்ட் உரிந்து மரம் தெரியும்படி நகக் கீறல்கள். வருடக்கணக்காகப் பிறாண்டினால்தான் ஒரு கதவு அப்படி ஆகும். தம்பிதான் தாழ்ப்பாளை நீக்கினான். காதோரத்துத் தழும்போடு இப்போது என்னைவிட உயரமாக இருக்கிறான். பூனைகள் மாடிக்குப் போய்வந்த ஜன்னலும் உட்பக்கம் சாத்தியிருந்தது. நடுவிட்டத்துக் கொக்கியில் நீலப் புள்ளிச் சேலை, அம்மா போட்ட அதே முடிச்சோடு தொங்கியது. அம்மா அதை விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பூனை மயிர்கூட இல்லை.

அதைப் பார்த்து என் மனம் இளகிவிட்டது என்று எழுதினால் அது பொய். எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. அந்த வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர்கள் இடித்து லாட்ஜ் கட்டுகிறார்கள். விட்டமும் கொக்கியும் பழைய மரக்கடைக்குப் போய்விட்டன. "மினூ" என்று அந்தத் தெருவில் கூப்பிட இனி ஆளில்லை. சேலை மட்டும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம், அன்று அந்தக் கதவின் கீறல்களைப் பார்த்துவிட்டு முணுமுணுத்ததையேதான் இன்றும் சொல்கிறாள்.

"இந்தக் கதவ அன்னைக்கே சாத்தியிருக்கலாம்ல, அண்ணி."