ஃப்ரீ மெமரி ஒன்பது

அன்று சர்வர் அறையில் ஐந்து பேர் இருந்தோம்.

ஒருவர் மேனேஜர். கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் வரும். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. கஸ்டமர் பிடிப்பதில் கெட்டிக்காரர்.

இரண்டாவது, இஞ்சினியர் பெண். ஈரோட்டுப் பக்கம். எம்.சி.ஏ. முடித்துவிட்டு வந்து சேர்ந்து இரண்டு மாதம்.

மூன்றாவது, விவேக் நகரிலிருந்து வந்த ஒரு காலேஜ் கிளார்க். பரீட்சை ரிசல்ட் இருந்த சி.டி.யைக் காலையில் கொண்டுவந்து கொடுத்தவர். கொடுத்த பிறகும் போகவில்லை. ரிசல்ட் வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

நான்காவது, செக்யூரிட்டி. அவருக்கு உள்ளே வேலை இல்லை. ஏசி காற்றுக்காகக் கதவருகே நின்றார்.

ஐந்தாவது நான். ஆபரேட்டர் என்று பெயர். எட்டாவது வரை படித்தவன். அந்த வேலையில் நான்கு மாதம்.

தொம்மலூரில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்கு ரிசல்ட் பக்கம் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் எங்கள் சர்வரில்தான் இருந்தது. நான் கட்டளை தட்டி மெமரி பார்த்தேன். ஃப்ரீ என்ற கட்டத்தில் ஒன்பது வந்தது. மொத்தம் ஐந்நூற்று மூன்று எம்.பி. அதில் ஒன்பதுதான் காலி.

மேனேஜர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஒம்பதா?"

"ஒம்பது சார்."

"ரீபூட் பண்ணு."

"வேணாம் சார்."

அந்த அறையில் அதற்கு முன் யாரும் அவரிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. 

அவர் கையை நீட்டி சர்வர் பெட்டியைக் காட்டினார். பெட்டியின் மேல் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் இருந்த இஞ்சினியர் அமெரிக்கா போவதற்கு முன் ஒட்டியது. ஃப்ரீ இருபதுக்குக் கீழே போனால் ரீபூட் செய்யவும். அவ்வளவுதான் அதில் இருந்தது. கையெழுத்துகூட இல்லை.

"பேப்பர்ல என்ன இருக்கு குரு?"

"இருபதுக்குக் கீழ போனா ரீபூட்னு இருக்கு."

"இப்ப எவ்ளோ?"

"ஒம்பது."

"மத்தே? நூத்துக்கணக்கான பசங்க பன்னெண்டு மணிக்கு இந்த மிஷின் மேல ஏறுவாங்க. ஒம்பது எம்.பி.ல எங்க உக்காருவாங்க?"

கிளார்க் சொன்னார்: "காலைல ஒம்பது மணிலேர்ந்தே எங்க பசங்க பிரௌசிங் சென்டர்ல இடம் புடிச்சு உக்காந்திருக்கானுங்க. ஃபெயில் ஆகப் போறவன்தான் மொத ஆளா உக்காந்திருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. செக்யூரிட்டி மட்டும் சிரித்தார்.

நான் ஏன் வேண்டாம் என்றேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் வேலை மூன்று. ஏசி பார்ப்பது, யு.பி.எஸ். பார்ப்பது, ஒரு மணிக்கு ஒரு தடவை மெமரி எண்களை ரிஜிஸ்டரில் எழுதுவது. மொத்தம், யூஸ்டு, ஃப்ரீ, இந்த மூன்று போதும் என்றார்கள். பக்கத்தில் இடம் மீதி இருந்தது. திரையில் வந்த மற்ற எண்களையும் நானே கோடு போட்டு எழுதினேன். பஃபர், கேஷ் என்று இரண்டு கட்டம். அதற்குக் கீழே இரண்டாவது வரியில் இன்னொரு யூஸ்டு, இன்னொரு ஃப்ரீ. மூன்றாவது வரி ஸ்வாப். மெமரி போதாமல் போனால் மிஷின் டிஸ்க்கில் இடம் கடன் எடுக்கும். அந்தக் கணக்கு ஸ்வாப். ஓரத்தில் ரீபூட்டுக்கும் ஒரு கட்டம்: எத்தனையாவது, எத்தனை நிமிடம்.

இரண்டு வாரம் எழுதிய பிறகு பார்த்தேன். ரீபூட் போட்டவுடன் ஃப்ரீ முந்நூற்று இருபதுக்கு மேல். ஒரு மணி கழித்து இருநூற்றுத் தொண்ணூறு. மதியம் நூற்று எழுபது. மறுநாள் காலை பத்து, பதினொன்று. அதோடு நின்றுவிடும். எட்டு, ஒன்பது, பதினொன்று, ஒன்பது. அதற்குக் கீழே போகாது. ஒழுகுகிற தொட்டி பாதியில் நிற்காது. இது நின்றது.

இரண்டாவது வரியில் இருந்த யூஸ்டு அசையவே இல்லை. நூற்றைம்பது, நூற்று ஐம்பத்தைந்து, நூற்று நாற்பத்தெட்டு. பென்சிலால் கழித்துப் பார்த்தேன். மேல் வரி யூஸ்டில் பஃபரையும் கேஷையும் கழித்தால் இரண்டாவது வரி யூஸ்டு வந்தது. மேல் வரி ஃப்ரீயில் அவற்றைக் கூட்டினால் இரண்டாவது வரி ஃப்ரீ வந்தது. ஒவ்வொரு மணிக்கும் வந்தது. ஸ்வாப் எப்போதும் சைபர்.

ஒரு எண் ஓடுகிறது, ஒரு எண் நிற்கிறது. மிஷின் உண்மையில் தின்பது நிற்கிற எண்தான்.

மீதி எங்கே போகிறது என்பது எனக்குச் சீக்கிரம் புரிந்தது. அதற்கு முன் பதினோரு வருடம் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் டிராயிங் கொடுக்கிற இடத்தில் இருந்தேன். ஒரிஜினல் டிராயிங் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கும். லேத் ஓட்டுகிற டர்னர் வந்து கேட்டால் ஒரிஜினலை எடுத்து, மிஷினில் விட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அம்மோனியா நாற்றம் கண்ணில் அடிக்கும். அடிக்கடி கேட்கிற டிராயிங்குக்கு ஒரு பிரிண்டை மேஜை மேலேயே வைத்திருப்பேன். மேஜை எப்போதும் நிறைந்திருக்கும்.

புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். மேஜையில் இடமே இல்லை, தினம் சாயந்திரம் காலி பண்ணு என்றார். காலி பண்ணினேன். மறுநாள் காலையில் டர்னர்கள் வரிசையில் நின்றார்கள். மேஜை சுத்தமாக இருந்தது, வேலை நின்றது. நாலாம் நாள் அவரே, இருக்கட்டும் விடு என்றார்.

பெரிய டிராயிங் விரிக்க மேஜை வேண்டும் என்றால் ஒரே கைவீச்சு. பிரிண்ட் எல்லாம் கூடைக்குப் போகும். நஷ்டம் இல்லை. ஒரிஜினல் அலமாரியில் இருக்கிறது. அந்த மேஜையில் ஒரு நாளும் எனக்கு இடம் போதாமல் போகவில்லை.

சர்வரும் அதைத்தான் செய்தது. அலமாரி டிஸ்க், மேஜை மெமரி. டிஸ்க்கிலிருந்து ஒரு தடவை படித்த பக்கத்தை மேஜையில் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் கேஷ்; பஃபரும் அதே வகைதான். யாராவது இடம் கேட்டால் உடனே தள்ளிவிடும். யாரும் கேட்காதபோது மேஜையை ஏன் சும்மா போட வேண்டும்?

நாங்கள் ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு தடவை மேஜையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தோம். ரீபூட் போட்ட பிறகு முதல் ஒரு மணி நேரம் சைட் மெதுவாக வருகிறது என்று போன் வரும். ஃப்ரீ நன்றாக இருக்கிறதே, ஏன் மெதுவு என்று மேனேஜர் கேட்பார்.

ஒரு மாதம் முன்னால் அவரிடம் சொன்னேன். பேப்பர்ல அப்படி இல்லையே என்றார். விட்டுவிட்டேன். போன வாரம் இஞ்சினியர் பெண் என் பென்சில் கணக்கைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, "நீங்க போட்டது சரிங்ணா" என்றாள்.

அன்று இன்னொரு காரணமும் இருந்தது. ரிஜிஸ்டரைத் திருப்பி மேனேஜர் முன் வைத்தேன்.

"சார், ரீபூட் கட்டத்தைப் பாருங்க. எல்லாம் நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். இருபதாவது ரீபூட் நாப்பது நிமிஷம். நாப்பதாவது நாப்பத்தி மூணு. அறுபதாவது நாப்பத்தி ஒண்ணு."

"யாக்கே?"

இஞ்சினியர் பெண் சொன்னாள்: "இருபது தடவைக்கு ஒருக்கா அதுவா டிஸ்க்க முழுசா செக் பண்ணுங்க சார். முடியற வரைக்கும் சைட் வராதுங்க."

"இன்னிக்குப் போட்டா எத்தனாவது?"

"எண்பதாவது," என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்தைந்து. விரலை மடக்கி எண்ணினார். பன்னிரண்டைத் தாண்டியது. ஆனால் ஒன்பது என்ற எண்ணும் திரையில் அப்படியே இருந்தது. அதையும் பார்த்தார்.

"சரி குரு. உன் பேச்சு கேக்கறேன். பன்னெண்டுக்கு மிஷின் நின்னா, நாளைலேர்ந்து நீ வர வேணாம். ஒப்புக்கறியா?"

"ஒப்புக்கறேன் சார்."

நான்கு மாதக் கான்ட்ராக்ட் அந்த வாரம் முடிகிறது. வீட்டில் நான்கு பேர். அதை அங்கே சொல்லவில்லை. எண்கள் சரியாக இருந்தன.

செக்யூரிட்டி மெதுவாக என்னிடம், "அண்ணே, எங்க ஏஜென்சில ஆள் எடுக்கறாங்க. சொல்லி வைக்கவா?" என்றார்.

"வெளிய போய் நில்லுங்க."

"வெளிய வெயிலுண்ணே."

இஞ்சினியர் பெண்தான் பேசினாள். "சார், ஒரு சின்ன புரோகிராம் போட்டுப் பாக்கட்டுங்களா? நூறு எம்.பி. வேணும்னு கேக்கும், அவ்ளோதான். நெஜமாவே ஒம்பதுதான் இருந்தா நூறு கெடைக்காதுங்க. ஸ்வாப்புல எழுதும். கெடைச்சுதுன்னா அண்ணன் சொன்னது சரி."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நூறு போடுங்க, அதுக்கு மேல வேணாம் என்றேன். முந்நூற்று ஒன்று இருந்த கேஷில் நூறு போனாலும் மீதி இருக்கும்.

பத்து வரி எழுதினாள். ஓட்டினாள். மெமரி பார்த்தோம். கேஷ் முந்நூற்று ஒன்றிலிருந்து இருநூற்று மூன்றுக்கு வந்திருந்தது. கேட்ட நூறும் கிடைத்துவிட்டது. ஃப்ரீ அதே ஒன்பது. ஸ்வாப் சைபர்.

"பாருங்க சார்," என்றேன். "பிரிண்டைத் தள்ளிட்டு இடம் குடுத்துடுச்சு."

பிரிண்ட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. சொல்வதற்குள் அவள் புரோகிராமை நிறுத்தினாள். அது வாங்கிய நூறு திரும்பி வந்தது. அடுத்த தடவை பார்த்தபோது ஃப்ரீயில் நூற்று ஒன்பது.

மேனேஜர் முகம் மாறியது.

"நூத்தி ஒம்பது. இருபதுக்கு மேல."

"சார், அது வந்து..."

"ஆயித்து. பேப்பர் படி சரியாச்சு. ரீபூட் பேடா, வேணாம்." அவள் பக்கம் திரும்பினார். "ஒள்ளே புரோகிராம். இதை மொதல்லயே பண்ணியிருக்கலாம் இல்ல?"

கதவு வரை போய்விட்டுத் திரும்பினார். "நாளைக்கு வர்ற விஷயம் சொன்னது சொன்னதுதான்." போய்விட்டார்.

அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாங்கள் எதையும் சரி செய்யவில்லை. நூறு பிரிண்டைக் கூடையில் போட்டோம், அவ்வளவுதான். அவருக்கு மேஜை காலியாகத் தெரிந்தது.

"சொல்லிடலாங்களாண்ணா?"

"ஒரு மணிக்குச் சொல்லலாம்."

கிளார்க் கேட்டார்: "என்னப்பா, மிஷினுக்கு வந்த நோய் போயிடுச்சா?"

"நோயே இல்ல சார்."

"அப்ப எதுக்கு இவ்ளோ வைத்தியம்?"

பன்னிரண்டு மணிக்கு அவள் பக்கத்தைத் திறந்தாள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினேன். பன்னிரண்டு ஐந்துக்கு ஃப்ரீ முப்பத்தொன்று. பன்னிரண்டு இருபதுக்கு எட்டு. ரிசல்ட் பக்கங்கள் மேஜையில் ஏறிவிட்டன. இரண்டாவது வரி யூஸ்டு நூற்று ஐம்பத்தைந்திலிருந்து இருநூற்றுப் பத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. அதே வரியில் ஃப்ரீ இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஸ்வாப் சைபர்.

போன் ஒரு தடவை அடித்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். நான் எடுத்தேன். ஒரு மாணவன். சர்வர் தப்பாகக் காட்டுகிறது, தன் பெயருக்கு நேரே ஃபெயில் என்று வருகிறது என்றான். கிளார்க் ரிசீவரை வாங்கி நம்பர் கேட்டார். கையில் இருந்த லிஸ்டில் விரலை ஓட்டினார்.

"சர்வர் நல்லாத்தாம்பா நிக்குது. நீதான் படுத்துட்ட. மறுபடியும் எழுது, போ."

வைத்துவிட்டு எழுந்தார். "நான் கண்ணால பாத்துட்டேன். கெளம்பறேன்," என்றார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மேனேஜர் வந்தார். நேராகத் திரைக்கு வந்தார்.

"எட்டு," என்றார்.

"எட்டு சார்."

"எப்பலேர்ந்து?"

"பன்னெண்டு இருவதுலேர்ந்து."

"சைட்?"

"ஓடுது."

அவரே பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் ரிசல்ட் பக்கத்தைத் திறந்தார். உடனே வந்தது. இன்னொரு நம்பர் போட்டார். வந்தது. மூன்றாவதும் போட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. பிரிண்ட்னு என்னமோ சொன்னியே."

சொன்னேன். ஐந்து நிமிடம் ஆனது. நடுவில் பேசாமல் கேட்டார். முடிந்ததும் ரிஜிஸ்டரில் இரண்டாவது வரிக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். மூன்று பக்கம் இழுத்தார்.

"இந்தப் பேப்பர் எஷ்டு தினமா ஒட்டியிருக்கு?"

"எனக்கு முன்னாலேர்ந்து."

"தெகெதுபிடு."

எடுத்துவிடு என்று அர்த்தம். நகத்தால் கிளறி எடுத்தேன். டேப் தடம் மட்டும் நின்றது.

அந்த இடத்தில் வேறு பேப்பர் ஒட்டினோம். நான் சொன்னதை இஞ்சினியர் பெண் இங்கிலீஷில் அடித்தாள். ஃப்ரீ குறைந்தால் பயப்பட வேண்டாம். இரண்டாவது வரி ஃப்ரீயைப் பார். ஸ்வாப் ஏறுகிறதா பார். இரண்டும் கெட்டால் ஆளைக் கூப்பிடு. கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். அவள் போட்டாள், பேனாவை என்னிடம் நீட்டினாள். நானும் தமிழில் போட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அந்த வாரம் கான்ட்ராக்ட் பேப்பர் வந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

ரீபூட் கட்டம் எழுபத்தொன்பதில் நின்றது. மணிக்கு மணி எண்களை எழுதினேன். ஃப்ரீ எட்டு, பத்து, ஒன்பது. யாரும் பயப்படவில்லை. மெதுவாக வருகிறது என்று போன் வருவதும் நின்றது.

பிறகு ஆபீஸ் பெரிய கட்டடத்துக்கு மாறியது. சர்வரை அணைத்துத்தான் தூக்க வேண்டும். அணைக்கிற வேலையை மேனேஜர் எனக்குக் கொடுத்தார். அதற்கு முன் கடைசியாக ஒரு கட்டளை தட்டினேன். நடுவில் நிற்காமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று மிஷினே சொல்லும் கட்டளை அது. வந்த எண்ணை ரிஜிஸ்டரில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

312.