காளான் பாறைக்கு ஒரு ரசீது

அதிகாரி ஒருவர் யாரிடமிருந்தாவது ஒரு பொருளைக் கைப்பற்றினால், எடுத்தது இன்னது என்று பட்டியல் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, நகலை உரியவரிடம் கொடுக்க வேண்டும். இதுதான் விதி. தணிக்கை அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும், நகல் இல்லாத கொடுக்கல் வாங்கல் நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். அந்த விதி தார் பாலைவனத்திலும் செல்லும் என்று நம்பினேன். செல்லத்தான் செய்தது. அதுதான் தொல்லை.

என் மனைவி திருவனந்தபுரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். காற்றின் அரிப்பு என்று ஒரு பாடம். வருடா வருடம் கரும்பலகையில் காளான் பாறை ஒன்றை வரைவாள். மணல் தரையை ஒட்டித்தான் பறக்கும், அதனால் அடி தேயும், தலை தப்பும் என்று விளக்குவாள். வருடா வருடம் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: “டீச்சர் கண்டிட்டுண்டோ?” டீச்சர் கண்டதில்லை. கேரளத்தில் காற்று பாறையைத் தொடுவதற்கு முன் மழை வந்துவிடும்.

ஓய்வு பெற்ற கையோடு தன் பணத்தில் ஒரு நல்ல கேமரா வாங்கினாள். அவள் இடத்துக்கு வந்த இளம் டீச்சர், “படம் எடுத்துக் கொண்டு வாங்க சேச்சி, பிள்ளைகளுக்கு நீங்களே காட்டுங்க” என்று அழைத்தும் விட்டாள். அந்த ஒரு வகுப்புக்காகத்தான் காரை எடுத்தோம்.

“கல்லு பார்க்கவா மாமா இத்தனை தூரம்? நம்ம கல்லாறு ஆத்திலே இல்லாத கல்லா?” என்றார் கரமனையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பாறை ஏற்றிப் போகும் லாரியைப் பின்தொடர்ந்தால் பெட்ரோல் மிச்சம் என்றும் யோசனை சொன்னார்.

வழியெல்லாம் பெட்ரோல் ரசீதுகளை என் கைபேசியில் படம் பிடித்துச் சேர்த்துக்கொண்டே போனேன். யார் கேட்கப்போகிறார்கள் என்று தெரியாது. கேட்டால் இருக்க வேண்டும்.

ஜெய்சல்மேரைத் தாண்டி எல்லைப் பக்கம் போகும் சாலையில், முட்செடிகளுக்கு நடுவே அந்தப் பாறை நின்றது. பாடப்புத்தகக் காளான் போல இல்லை. தலையில் பாரம் கூடிப்போன சுமட்டுத் தொழிலாளி போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என் மனைவி அதைச் சுற்றி ஓடினாள். மூட்டு வலிக்காரி ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

“கேட்டேளா, கழுத்து ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத் தேயலை! காத்து வர்ற பக்கம்தான் குடைஞ்சிருக்கு. இத்தனை வருஷமா தப்பா வரைஞ்சிருக்கேன்!”

தப்பு செய்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் பணிக்காலத்தில் சந்தித்ததில்லை. அளவு தெரியட்டும் என்று எங்கள் தண்ணீர் பாட்டிலைப் பாறை அடியில் வைத்து, மணலில் குப்புறப் படுத்து, நாலு பக்கமும் படம் எடுத்தாள். பொழுது சாயும் வரை நகரவில்லை.

திரும்பும்போது ஒரு சோதனைச் சாவடி. போகும்போது அங்கே ஆளே இல்லை. இப்போது சீருடையில் ஓர் அதிகாரி நின்றார். என் மனைவியின் கழுத்தில் தொங்கிய கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் நிறுத்தினார். பாறைக்குப் பின்னால், அடிவானத்தில், நகக்கண் அளவில் ஒரு கோபுரம். அது கண்காணிப்புக் கோபுரமாம்.

அதற்குள் அவர் பார்வை காரின் கேரள எண் பலகைக்குப் போனது. “சாரே, எவிடேயா?”

“கரமனை.”

“அய்யோ! ஞான் நெடுமங்காடு, நம்ம பக்கம் தன்னே!”

தேநீர் வந்தது. நாற்காலி வந்தது. பொன்முடி ரோட்டில் இந்த வருஷம் மண் சரிந்ததா என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “டவர் தெரியற ஒரு படத்தை மட்டும் அழிச்சா மதி. மத்தது எல்லாம் டீச்சர் கொண்டு போகட்டே” என்றார்.

அந்த ஒரு படம்தான் காற்று குடைந்த பக்கம். என் மனைவியின் முகம் வாடியது. ஆனாலும், “போனாப் போறது, மீதி இருக்கே” என்றாள்.

நான் விடவில்லை. “அழிக்க உங்களுக்கு எந்த விதியில் அதிகாரம்? சந்தேகம் என்றால் கைப்பற்றுங்கள். கைப்பற்றினால் எழுதிக் கொடுங்கள்.”

“வேண்டா சாரே. எழுதினா அது பேப்பராகும்.”

“ஆகட்டும்.”

“பேப்பரானா பின்னே என் கையில இல்லை.”

“யார் கையில் இருந்தாலும் முறை முறைதான்.”

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன். ‘ஒரு மெமரி கார்டு’ என்று மட்டும் எழுதியிருந்தார். கொள்ளளவையும் நிறத்தையும் சேர்க்கச் சொன்னேன். சாட்சியாகத் தேநீர் கொண்டுவந்தவர் கையெழுத்திட்டார். நகல் குறையில்லாமல் என் கைக்கு வந்தது. கார்டு உறைக்குள் போய், அதன் மேல் அரக்கு விழுந்தது.

ஜோத்பூர் வரை காலிக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: “எழுதித் தாங்கோன்னு நீங்கதானே கேட்டேள்? தந்துட்டான். இப்போ சமாதானமாச்சோ?”

வந்ததும் விண்ணப்பம் போட்டேன். சாவடிக்குப் போனது, அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. தலைமையகத்துக்குப் போனது போய்ச் சேர்ந்தது என்று ஸ்பீட் போஸ்ட் சொன்னது, தலைமையகம் ஒன்றும் சொல்லவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலை நினைவூட்டினேன். தகவல் அறியும் உரிமை வழியும் இல்லை, அந்த மாதிரி அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. தொலைபேசியில் ஒருவர், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார். மேலே என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மேலே என்பது ஓர் அலமாரி.

இதற்கிடையில் பள்ளியில் அந்தப் பாடம் வந்தது. வெறுங்கையோடு போனாள். சாய்ந்த பாறையைப் பலகையில் வரைந்து, ஒரு பக்கம் மட்டும் குடைந்து காட்டினாளாம். புத்தகத்தில் அப்படி இல்லையே என்று ஒரு பெண் கேட்டாளாம். நான் நேரில் கண்டேன் என்றாளாம் இவள்.

“போட்டோ எவிடே டீச்சர்?”

வீட்டுக்கு வந்து இதை மட்டும் சொன்னாள். அப்புறம் என் கைபேசியை எடுத்து, ஏதாவது ஒரு மூலையில் அந்தப் பாறை விழுந்திருக்காதா என்று தேடினாள். பெட்ரோல் ரசீதுகள் இருந்தன, தேதி வரிசையில்.

நான் ஐந்தாவது நினைவூட்டலை எழுதினேன். வேறென்ன செய்ய? எனக்குத் தெரிந்த ஒரே சண்டை அதுதான்.

கடைசியில் ஒரு கடிதம் வந்தது. கார்டில் ஆட்சேபத்துக்குரியது எதுவும் இல்லை. உரியவர் அசல் ரசீதுடன் சாவடிக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். நேரில்! ரத்தம் தலைக்கு ஏறியது. மூத்த குடிமக்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று கேட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அவள் என் கையிலிருந்து பேனாவை எடுத்தாள். கடிதத்தைத் தானே ஒருமுறை வாசித்தாள். ‘நேரில்’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

“தபாலும் வேண்டாம், கிபாலும் வேண்டாம். ஓணம் கழிஞ்சு கிளம்பறோம். அந்தப் பாறையை இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் சாவடிக்குப் போறது. அங்கே நீங்க வாயைத் திறக்கப்படாது. டவர் தெரியாம எப்படி எடுக்கறதுன்னு நான் பார்த்துக்கறேன்.”

பரண் மேலிருந்து பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. நான் பேனாவைத் திரும்ப வாங்கி, எந்தக் கடிதத்துக்கும் செய்வதுபோல, மேல் ஓரத்தில் பெற்ற நாளைக் குறித்தேன்: உத்திராடம், ஓணத்துக்கு முந்தின நாள், முற்பகல்.