நாற்காலி போட்டு உட்கார்ந்தவள்

நானக்கா என்ற பெயரை முதன்முதலில் மருத்துவமனை வாசலில்தான் கேட்டேன். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, அங்கே சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சாப்பாட்டுப் பாத்திரத்தை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாளே என்று எடுத்துக்கொண்டு போனேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவல்காரர் கேட்டார். பேரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. உயரமா இருப்பா, ரெண்டு புருவமும் ஒட்டியிருக்கும், பேச்சு கொஞ்சம் சத்தமா வரும் என்று அடையாளம் சொல்லிக்கொண்டே போனேன்.

"நானக்காவா? அத முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"அது என்னங்க பேரு?"

"எதக் கேட்டாலும் நான்தான் செஞ்சேன்னு வந்து நிப்பாங்க. நேத்து மழை விட்டுச்சு பாருங்க, அதுவும் அவங்க செஞ்சதுதான். உள்ள போய் வேணும்னா கேட்டுப் பாருங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பெயர் அவளுக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. வீட்டிலும் அதே கதைதான். அடுப்பைப் பற்ற வைத்தது யார், குழாயைச் சரி பண்ணச் சொன்னது யார், கொழுந்தனை மீசையைக் குறைக்கச் சொன்னது யார், எல்லாவற்றுக்கும் ஒரே பதில். கெட்டவள் இல்லை. உழைப்பாளி. உழைத்ததை யாராவது வேறு கணக்கில் போட்டுவிடுவார்களோ என்று சிறு வயதிலிருந்தே ஒரு பயம். ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் நடுவில் பிறந்தவள்.

அதே சலவைக்கூடத்தில்தான் என் நாத்தனாரும் வேலை பார்த்தாள். எங்கள் மாமியாருக்கு என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் போகக் கடைசியாகப் பிறந்த ஒரே மகள். நானக்காவுக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே உயரம். அந்த உயரத்தால்தான் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். பெட்ஷீட் மடிப்பது ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. இஸ்திரி போடுகிற உருளை மெஷினிலிருந்து சூட்டோடு வருகிற துணியை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, எதிரெதிரே நின்று, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்து, நீளவாக்கில் மடித்து, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். ஒருத்தி வாங்கிக்கொள்ள, மற்றவள் குனிந்து தொங்குகிற மடிப்பை எடுப்பாள். உயரம் ஏற்ற இறக்கமாக இருந்தால் மூலை சேராது. இவர்கள் இரண்டு பேரும் மடித்தால் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். பார்க்கவே அழகு. எங்கள் வீட்டுப் பெண்கள் என்று அங்கே போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து நாங்கள் போய்விட்டோம். நாங்கள் இல்லாத அந்தக் காலத்தில்தான் மாமியார் விழுந்தார். ஒரு பக்கம் கை கால் வரவில்லை, கண்ணும் மங்கிவிட்டது. நானக்கா வீட்டில்தான் கிடந்தார். காலை ஷிப்ட் ஒருத்தி, மாலை ஷிப்ட் ஒருத்தி என்று மாற்றி வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டி, புண் வராமல் திருப்பிப் போட்டு, மாமியார் போகிற வரைக்கும் அந்த அறையில் ஒரு வாடை இல்லை என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

துக்கத்துக்கு வந்த ஒரு சித்தப்பா, பாராட்டாகத்தான், "கடைசி வரைக்கும் யாரும்மா பார்த்துக்கிட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

அவ்வளவுதான். பிணத்தை எடுப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. நீ குளிப்பாட்டினப்ப தண்ணி கொண்டாந்தது யாரு, நீ தூங்கினப்ப முழிச்சிருந்தது யாரு என்று. அன்றோடு பேச்சு நின்றது. வருஷக்கணக்கில் நின்றது. நாங்கள் ஊர் திரும்பி வந்தபோதும் அப்படியேதான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சலவைக்கூடத்தில் மறுபடி ஒரே ஷிப்டில் அதே ஜோடிதான். காலையில் எதிரெதிரே நிற்பார்கள், இழுப்பார்கள், நடந்து வருவார்கள், கையோடு கை சேரும். முகம் மட்டும் ஆளுக்கொரு சுவரைப் பார்க்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் நானக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள், அதே மருத்துவமனையில். விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நான் மடிச்சது" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டேதான் உள்ளே போனாள். மயக்கம் தெளியும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"எப்ப ஆரம்பிப்பாங்க?" என்றாள்.

"முடிஞ்சாச்சும்மா" என்றாள் நர்ஸ்.

நானக்கா வயிற்றுக் கட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்ப இவ்வளவு நேரம் நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டாள்.

"இங்கதான் படுத்திருந்தீங்க."

"படுத்திருந்தது உடம்பு. அத நீங்க பார்த்தீங்க. நான் எங்க இருந்தேன்?"

மயக்க மருந்து இறங்கினால் சரியாகிவிடும் என்று நர்ஸ் போய்விட்டாள். சரியாகவில்லை. தூங்கினால் தூங்கினோம் என்றாவது தெரிகிறது, இதில் அதுகூட இல்லை, நான் இல்லாமலே மூச்சு ஓடியிருக்கிறது, ரத்தம் ஓடியிருக்கிறது, அப்படியானால் நான் எதற்கு என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன தெரியும். ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் என்ற சொல் வாய்க்கு வரும்போதெல்லாம் நிறுத்தி, அது எங்கேயிருந்து வருகிறது என்று உள்ளே பார்ப்பாள். அவளுக்கு அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும் என்று யோசித்துப் பாருங்கள். கொழுந்தன் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணி, 'நான்'னு ஆரம்பிக்கறா, அங்கயே நிறுத்திடறா. மீதி வரவே மாட்டேங்குது. நான் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கறேன். சாமியாரா போயிடுவாளோ?"

"அவளா? தலை வாரவே நாலு சீப்பு வச்சிருக்கா. எங்கயும் போக மாட்டா."

அவரைத் தேற்றி அனுப்பினேனே தவிர, எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருந்தது.

வேலைக்குத் திரும்பின அன்று இன்னொரு கூத்து. பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, இழுக்கிறது யார், என் கையா, எதிர்க் கையா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பார்த்ததில் துணி முறுக்கிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. வருஷக்கணக்கில் பேசாத நாத்தனார் வாய் திறந்துவிட்டாள்.

"எங்க பார்க்கற?"

"நான் யாருன்னு பார்க்கறேன்."

"அத சாப்பாட்டு நேரத்துல பாரு. இப்ப மூலையப் புடி."

இதை நாத்தனாரே என்னிடம் வந்து சொன்னாள், கோபமாக. ஆனால் பேசிவிட்டோமே என்ற தவிப்பும் அதில் இருந்தது. அன்றிலிருந்து மூலை, மெஷின், சூடு என்ற அளவுக்குப் பேச்சு நடந்தது. நானக்காவும் மடிக்கும்போது பார்ப்பதை விட்டுவிட்டாள். மடித்து முடித்த பிறகு பார்ப்பாளாம்.

அதற்குப் பிறகுதான் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் நானக்காவின் மடியில் வளர்ந்தவள். சின்ன அத்தை இல்லாமல் கல்யாணமா என்று அழுதாள். நாத்தனார் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "பெரியண்ணி, அம்மாவ நான் பார்க்கல, நீதான் பார்த்தேன்னு அவ ஒரு வார்த்தை சொல்லட்டும். வாசல்ல நின்னு நானே அழைச்சுட்டுப் போறேன். சொல்லலன்னா பத்திரிகை கிடையாது."

இது நடக்கிற காரியமா? பத்திரிகை இல்லையென்றால் கொழுந்தனும் வரமாட்டார். அண்ணனை விட்டுவிட்டு அந்தக் கல்யாணம் நடந்தால் இரண்டு வீடும் அதோடு முடிந்தது. நானக்காவிடம் போய்ச் சொன்னேன். பாத்திரம் பறக்கும் என்று கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன்.

"பார்த்துட்டு சொல்றேங்க்கா" என்றாள்.

"என்னத்தப் பார்க்கணும்?"

"நான் அத்தையப் பார்த்தேனான்னு."

பல நாள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாங்க போகலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். முன்னறை முழுக்கக் கல்யாணத்துக்கு வாங்கின மேசை விரிப்புகள் பிரித்துக் கிடந்தன. கல்யாணப் பெண் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் உட்காரச் சொல்லவில்லை. நானக்கா நின்றபடியே பேசினாள்.

"நீ கேட்டத நல்லா பார்த்தேன். அத்தைய திருப்பிப் போட்டது ஞாபகம் இருக்கு. வெந்நீர் கை சுட்டது ஞாபகம் இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். அந்த நேரத்துல 'நான் பார்க்கறேன்'னு ஒருத்தி அங்க இருந்தாளான்னு தேடினேன். இல்ல. முதுகு இருந்துச்சு, துணி இருந்துச்சு, கை இருந்துச்சு. அந்த 'நான்தான்' இருக்கா பாரு, அத்தை உயிரோட இருந்த வரைக்கும் அவ அந்த அறைப் பக்கமே வரல. செத்தப்புறம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டா. இத்தன வருஷமா அவளுக்காகத்தான் நான் சண்டை போட்டேன். நீதான் பார்த்தேன்னு சொல்ல வரல. நான் பார்த்தேன்னும் இனிமே சொல்ல முடியாது."

எனக்குக் கொஞ்சம் புரிந்தது, கொஞ்சம் புரியவில்லை. ஆனால் அவள் குரலில் தோற்ற சாயல் துளியும் இல்லை. அவ்வளவு நிமிர்ந்து அவள் நின்று அதுவரை நான் பார்த்ததில்லை.

நாத்தனார் விரிப்பின் ஓரத்தை நீவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மாவுக்கே தெரியாது சின்னண்ணி. கண்ணு தெரியலல்ல, கைய முகர்ந்து பார்ப்பா. நம்ம ரெண்டு பேர் கையிலயும் ஒரே பிளீச்சிங் வாடை. என்னை நீன்னு நெனச்சு உன் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டா. கடைசி நாள்கூட. பெத்த பொண்ணு நான்."

"என்னை உன் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றாள் நானக்கா.

"நெசமாவா? ஏன் சொல்லல?"

"சொல்ல விட்டாளா அந்த நாற்காலிக்காரி?"

நாத்தனார் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு விரிப்பின் இரண்டு மூலையை எடுத்து நீட்டினாள். நானக்கா பிடித்தாள். வெடுக்கென்று ஒரு இழுப்பு. கல்யாணப் பெண் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.

கல்யாண மண்டபத்தில், பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். "பாட்டி ரொம்ப நாள் படுக்கையில இருந்தாங்களாமே, யாரு பார்த்துக்கிட்டது?" எதிரில் இரண்டு பேரும் இருந்தார்கள். இரண்டு வாயும் திறக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். கடைசியில், "எங்க வீட்டுல பார்த்தாங்க" என்று நான்தான் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு வந்த பெருமிதம், என் பிள்ளைகள் வேலைக்குப் போனபோதுகூட வந்ததில்லை.

நானக்கா அதற்குப் பிறகும் சண்டை போடாமல் இல்லை. கோபம் வந்தால் நான் நான் என்று நாலு தடவை வரும். நடுவிலேயே நின்று, "வந்துட்டா பாருங்க" என்று தானே சிரிப்பாள். வீட்டை விடவில்லை, வேஷம் போடவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. எங்கள் உறவில் எத்தனையோ பேர் வீடு கட்டினார்கள், படித்தார்கள். தன்னையே பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். மருத்துவமனைக்குப் பின்தெருவில், மாடி வீட்டில் கொழுந்தனோடு இருக்கிறாள். கீழ்வீட்டில் நாத்தனார் குடியிருக்கிறாள்.