திரௌபதி கையால் வாங்கிய கலயம்

கலயத்தின் வாயை முந்தானையால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுத்தான் திரௌபதி அதன்மேல் துணி கட்டுவாள். புதுக் கலயம்தான், துடைக்க அதில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் துடைப்பாள்.

"யக்கா, அதுல இன்னா பொங்கலா வைக்கப் போறோம்?" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"உங்க வீட்டு மண்ணுக்குப் போற பொருள்டி. தூசியோடவா அனுப்புவாங்க?"

அந்தக் கலயத்தில் இருப்பது நஞ்சுக்கொடி. பிள்ளை பிறந்ததும் அதை மஞ்சளும் உப்பும் போட்டு வீட்டுப் பின்பக்கம் ஆழமாகப் புதைப்பார்கள். நாயோ நரியோ தீண்டிவிட்டால் தாய்க்குப் பால் வற்றும், பிள்ளை தேறாது என்று பயம். அதனால்தான், எழுபதுகளின் நடுவில் வேங்கிக்கால் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் சின்னதாக ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது, சுற்றுவட்டப் பெண்கள் காய்ச்சலுக்கு வந்தார்கள், பிரசவத்துக்கு வரவில்லை. அங்கே எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிடுவார்கள் என்று பேச்சு.

திரௌபதி அங்கே ஆயா. புருஷன் போன பிறகு கிடைத்த வேலை. தன் முதல் பிள்ளையை வீட்டுப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். ஒருநாள் டாக்டரம்மா கஸ்தூரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கொடியைத் திருப்பிக் குடுத்துடுவோம்னு சொல்லுங்கம்மா, வருவாங்க."

"அவ்வளவுதானே? நீயே உன் கையால குடு."

திரௌபதி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். வரமாட்டேன் என்று நின்ற எல்லம்மாளிடம் எதிரே தெரிந்த கோயில் மலையைக் காட்டிச் சத்தியம் செய்தாள். எல்லம்மாளுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. வீட்டில் இருந்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும். அதன்பிறகு மாட்டுவண்டிகள் தாமாகவே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தன. ஓட்டு வீடு மாடிக் கட்டடம் ஆனது. எக்ஸ்ரே வந்தது, ரத்தப் பரிசோதனை வந்தது, குழந்தைகளுக்கு ஊசி போட வியாழக்கிழமை என்று ஆனது. ஜனங்கள் "டாக்டரம்மா ஆஸ்பத்திரி" என்று சொல்லவில்லை, "திரௌபதி இருக்கிற ஆஸ்பத்திரி" என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

புதுக் கட்டடத்தில் பிரசவ அறைக்குள் நர்சுகள் மட்டும்தான் போகலாம் என்று விதி வந்தது. அதுவரை திரௌபதி கட்டிய கலயத்தை இனி அவர்களே கட்டி வெளியே நீட்டுவார்கள். திரௌபதி வாங்கி வீட்டாரிடம் கொடுப்பாள். வாரம் ஒருமுறை மெட்ராஸ் வேன் ஒன்று பின்பக்கம் வந்து, ஐஸ் போட்ட நீல டிரம்களை ஏற்றிப்போகும். மருந்து வேன் என்று நினைத்து அவள்தான் கேட்டைத் திறந்துவிடுவாள்.

எண்பத்தைந்தில், எல்லம்மாளின் மூத்த மகள் தனத்துக்குத் தலைப்பிரசவம். மருமகன் தருமன் சந்தோஷத்தில் படியில் தடுக்கி விழ, கலயம் உடைந்தது. உள்ளேயிருந்து விழுந்தது ஈரப் பஞ்சும் கட்டுத்துணியும்தான்.

"இது இன்னாது?" என்றாள் எல்லம்மாள்.

திரௌபதி நேராக டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

"கொடியிலிருந்து மெட்ராஸ்ல மருந்து செய்றாங்க, திரௌபதி" என்றாள் கஸ்தூரி, பதறாமல். "மண்ணுல மக்கிப் போறதை வெச்சு எத்தனை உயிரைக் காப்பாத்தலாம் தெரியுமா?"

"கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா குடுப்பாங்களா? நீயே சொல்லு."

"சரிம்மா. அந்தப் பஞ்சை என் கையில குடுத்து ஏன் அனுப்புனீங்க?"

"நீ குடுத்தாத்தானே வாங்குறாங்க."

திரௌபதி அறையை விட்டு வெளியே வந்து, வாசலில் காத்திருந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"மலையைக் காட்டிச் சத்தியம் பண்ணியே, பாவி!" என்று எல்லம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். "அப்போ ஊர்ல வீட்டுக்கு வீடு புதைச்சு மஞ்சத்தண்ணி ஊத்தினது பஞ்சுக்கா? உனக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

"ஒரு பைசா வாங்கலடி எல்லம்மா."

"வாங்காமயா இத்தினி வருசம் வாயைப் பொத்திக்கினு இருந்தே?"

உள்ளே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, 'இவளுக்குத் தெரியாது' என்று, அவள் வெளியே வந்து சொல்லியிருக்கலாம். திரௌபதி ஜன்னலையே பார்த்தாள். திரை இழுத்துவிடப்பட்டது.

மறுவாரம் ஊர்ப் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசினார்கள். ஆயா செய்த தவறு, ஆயாவை நிறுத்தியாயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கோபம் அடங்கியது. பக்கத்தில் வேறு நல்ல ஆஸ்பத்திரியும் இல்லை.

இன்று அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. தனத்தின் இரண்டாவது பிள்ளையும் அங்கேதான் பிறந்தது. இப்போது யாரும் கலயம் கொண்டுபோவதில்லை. திரௌபதி கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை உடைக்கும் மில்லில் வேலை செய்கிறாள். ஊரில் அவளோடு யாரும் பேசுவதில்லை.