அய்யாக்குட்டிக்கு டாக்டர் எழுதின வயது

அய்யாக்குட்டி மேஸ்திரி பிறந்தது தாது வருஷப் பஞ்சத்தில். ஊர் ஜனம் புளியங்கொட்டையை வறுத்துத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நாளில் இவரும் ஒரு வாயாக வந்து சேர்ந்தார் என்று அவருடைய ஆத்தா சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டினாள். அதற்குமேல் தேதியோ மாதமோ யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பஞ்சத்திலிருந்து விரல் விட்டு எண்ணினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் அவருக்கு ஐம்பத்தேழு. ஆனால் அந்த வருஷம் ஆனி மாதம் வரைக்கும் அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை ஒட்டி, வெள்ளைக்காரக் காப்பிக் கம்பெனி ஒன்றின் கிட்டங்கி இருந்தது. மலையிலிருந்து இறங்குகிற காப்பிக்கொட்டையை வெளிக் களத்தில் காயவைத்து, உள்ளே மூட்டை பிடித்து அடுக்கி, ரயிலுக்கு அனுப்புகிற இடம். அய்யாக்குட்டி பதினெட்டு வருஷமாக அங்கே மேஸ்திரி. அவருக்கு வேலை கூரைக்கு அடியில். களத்து வேலை அவர் ஊர்க்காரன் பிச்சையாவுக்கு. வெயிலில் நின்று கொட்டையைக் காலால் கிளறிவிட்டு, மழை இருட்டினால் ஓடி ஓடி வாரிக் குவிக்க வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று பிரித்துவிட்டதும் அய்யாக்குட்டிதான்.

காப்பி விலை அதலபாதாளத்துக்குப் போன காலம் அது. ரைட்டர் சங்கரநாராயணன் ஒரு நாள் எல்லோரையும் நிறுத்திவைத்து மானேஜர் துரையின் உத்தரவை வாசித்தார். ஐம்பத்தைந்து தாண்டினவர்களுக்கு இனி வேலை இல்லை. ஆள் சேர்த்த காலத்தில் பழைய ரைட்டர் பெயரையும் தகப்பன் பெயரையும் மட்டும் எழுதிவிட்டு, வயதுக்கு நேரே கோடு இழுத்திருந்தார். ஆகவே ஆடியில் சீசனுக்குக் குற்றாலம் வந்து தங்குகிற கம்பெனி டாக்டர் ஒவ்வொருவரையும் பார்த்து வயதைத் தீர்மானம் செய்வார். டாக்டர் எழுதினதுதான் வயது.

"எப்படிக் கண்டுபிடிப்பாருங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"தோலைப் பார்த்தாலே தெரியாதா?" என்றார் ரைட்டர்.

அய்யாக்குட்டி நின்ற இடத்திலேயே தாது வருஷத்திலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வேலை போனால் அடுத்த நாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு திருவேங்கடத்துக்கு மகன் சங்கரபாண்டி வீட்டுக்குப் போக வேண்டும். மகன் கெட்டவன் இல்லை. ஆனால் வானம் பார்த்த பூமி. அவன் பிள்ளைகளுக்கே ஒரு வேளைக் கஞ்சிதான். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மருமகள் இவருக்கு ஊற்றிவிட்டுப் பானையைச் சுரண்டின சத்தம் இன்னும் காதில் இருந்தது. அங்கே போய்ச் சாகிறவரைக்கும் உட்கார்ந்து தின்பதா?

அன்று சாயங்காலம் நாவிதரிடம் கண்ணாடியை வாங்கி முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகச் சவரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்த முகம். இப்போது எதிரியின் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கண்ணுக்கு அடியில் பை கட்டியிருந்தது. மூக்குக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டினதுபோல் கோடு. கழுத்தைக் கிள்ளினால் கையோடு வந்தது. இதெல்லாம் எப்போது வந்தது, யாரைக் கேட்டு வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் தென்காசித் தேரடிக்குப் பக்கத்தில் துல்கர்னைன் கடைக்குப் போனார். சீப்பு, கண்ணாடி, ரிப்பன், வாசனைச் சோப்பு விற்கிற கடை. பொம்பளைகள் இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போகிறவரைக்கும் எதிர்ச் சாரியில் நின்று வெற்றிலை போட்டார். பிறகு உள்ளே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொதலாளி, மூஞ்சில பூசுதாவள்லா, ஸ்நோவோ என்னமோ, அது இருக்கா?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி. யாருக்கு?"

"மருமவளுக்கு."

"புள்ள செவப்பா, கறுப்பா?"

"வயசு கொஞ்சம் கூட" என்று அய்யாக்குட்டி உளறிவிட்டார்.

துல்கர்னைன் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் குப்பியை எடுத்து வைத்தார். திறந்தால் மல்லிகைப்பூ வாசனை. சுருக்கத்துக்குக் கேட்குமா என்று அய்யாக்குட்டி கேட்டதற்கு, "ராத்திரி பூசி, காலைல பூசி, ஒரு மாசம் விடாமப் பண்ணச் சொல்லுங்க. வெயில்ல மட்டும் போகக் கூடாது" என்றார்.

குப்பியை வீட்டில் உமிப் பானைக்குள் புதைத்து வைத்தார். மூன்றாம் நாளே அது அவர் மனைவி உலகம்மை கையில் அகப்பட்டது. அவள் அதைத் திறந்து மோந்து பார்த்தாள். வட்டிலில் சோற்றை வைத்து, பக்கத்தில் குப்பியையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எவளுக்கு?"

"ஏட்டி, கூறு கெட்டவளே."

"மல்லியப்பூ வாசம் அடிக்கி. இந்த வயசுல எவளுக்குன்னு கேக்கேன்."

வேறு வழியில்லாமல் அய்யாக்குட்டி உண்மையைச் சொன்னார். உலகம்மை முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐம்பத்தேழு வயது ஆம்பிளை உமிப் பானைக்குள் கையை விட்டு ஸ்நோவைத் தோண்டியெடுத்துப் பூசினதை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. பிறகு திருவேங்கடம் என்ற ஊர்ப் பெயரை அவர் சொன்னதும் சிரிப்பு நின்றுபோனது. அவளுக்கும் அந்தப் பானைச் சத்தம் ஞாபகம் இருந்தது.

"இங்கன வாங்க, பாப்போம்" என்று அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "மொகத்துல மட்டும் பூசுதீங்களே, கழுத்து? இது உங்க அப்பா கழுத்து மாதிரில்லா தொங்குது. கையி? டாக்டரு முதல்ல கையப் புடிச்சுதான நாடி பாப்பாரு?"

அன்றிலிருந்து அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். வெளியே போகும்போது தலையில் துண்டு. வெந்நீரில் குளியல். பாலாடையை முகத்தில் தேய்த்து ஊறவைத்து, பயற்றமாவு போட்டுக் கழுவி, அதன்மேல் ஸ்நோ. மீசைக்கு அவுரி இலையை அரைத்துக் கறுப்பு. புறங்கையில் தினம் தினம் நல்லெண்ணெய் தேய்த்தாள். தன் கையும் அதே மாதிரி சுருங்கிக் கிடந்ததை அவள் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. பொம்பளை தோலுக்கு யார் உத்தரவு போடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மாதம் முழுக்க அய்யாக்குட்டிக்கு நல்ல தூக்கம் இல்லை. படுத்தால் கன்னம் சுருங்கிவிடுமோ என்று மல்லாந்தே கிடந்தார். சிரித்தால் கோடு விழும் என்று சிரிப்பதை விட்டார். கவலைப்பட்டாலும் கோடு விழும் என்று யாரோ சொன்னதிலிருந்து கவலைப்படுகிறோமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ஆட்களில் ஒருவன் "என்ன மேஸ்திரி, மொகம் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டபோது பளபளப்பு பிடிபட்டுவிட்டதே என்று பயம். இரண்டு நாள் எவரும் ஒன்றும் சொல்லாதபோது மருந்து வேலை செய்யவில்லை என்று பயம்.

ஆடி பிறந்தது. சாரல் கட்டியது. குற்றாலத்தில் கம்பெனி டாக்டர் தங்கியிருந்த பங்களா வாசலில் கிட்டங்கி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முகத்தில் பொடிப் பொடியாகத் தூறல் விழுந்தது. காலையில் உலகம்மை கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டிருந்தாள். கன்னத்தில் என்னவோ வழிகிற மாதிரி இருந்தது. அய்யாக்குட்டி துண்டால் முக்காடு போட்டுக்கொண்டார். துடைக்கவும் பயம், விடவும் பயம்.

"என்ன அண்ணாச்சி, குளிருதா?" என்றான் பின்னால் நின்ற பிச்சையா. மேல் வரிசையில் இரண்டு பல் போன வாய். வெயில் குடித்துக் குடித்து முகம் காய்ந்த பனங்காய்போல் கறுத்துச் சுருங்கியிருந்தது. "நம்ம ஆளுகள்லாம் வெடவெடன்னு நிக்கானுவ. எனக்கு ஒரு பயமும் இல்ல. நாப்பத்தஞ்சுதான ஆவுது."

டாக்டர் அய்யாக்குட்டியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். நாற்பத்தொன்பது என்று எழுதினார். ஒரு மாதப் பாடு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரத்தில் முடிந்துபோனது. ஸ்நோ காப்பாற்றியதா, பதினெட்டு வருஷக் கூரை நிழல் காப்பாற்றியதா, அது டாக்டருக்கே தெரிந்திருக்காது.

அடுத்தது பிச்சையா. அவனையும் அப்படியே பார்த்தார், கிள்ளினார், எழுதினார். ஐம்பத்தெட்டு.

மறுநாள் ரைட்டர் பட்டியலை வாசித்தபோது பிச்சையா முதலில் சிரித்தான். வேறு யாருடைய பெயரையோ தன் பெயர் என்று வாசித்துவிட்டார் என்று நினைத்தான். விஷயம் புரிந்ததும் நேரே அய்யாக்குட்டியிடம் வந்தான். வீட்டில் அவனுக்கு நான்கு பிள்ளைகள். கடைக்குட்டி இன்னும் தவழ்கிறது.

"அண்ணாச்சி, நான் பொறந்தது உங்களுக்குத் தெரியும்லா? எங்க அம்மைக்கு வலி எடுத்தப்போ சித்தாத்து வெள்ளத்துல நீந்திப்போயி மருத்துவச்சியக் கூட்டிட்டு வந்தது நீங்கதான. எங்க அம்மைக்குச் சொல்லிச் சொல்லி ஆறாது. அப்ப உங்களுக்குப் பன்னெண்டு வயசுன்னு சொல்லுவா. ரைட்டர்கிட்ட வந்து அதை ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் பன்னெண்டு வயசு எளையவன்னு சொன்னாப் போதும், எனக்கு வேலை போவாது."

அவன் கள்ளமில்லாமல்தான் கேட்டான். அவனுக்குப் பத்திரம் கிடையாது, ஜாதகம் கிடையாது. உலகத்தில் அவன் வயதுக்கு இருந்த ஒரே கணக்கு அய்யாக்குட்டியின் வயது. அதைத்தான் அய்யாக்குட்டி எட்டு வருஷம் குறைத்து வைத்திருந்தார்.

"சாயந்தரம் பாப்பம்லே" என்றார். சாயங்காலம் நாளைக்கு என்றார். இரண்டு நாள் கஞ்சி இறங்கவில்லை. களத்துப் பக்கம் பார்க்க முடியவில்லை. இவனை வெயிலில் நிறுத்தினது யார் என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது. உலகம்மையிடம் சொன்னார். அவள், "போயிச் சொல்லிருங்க. நடக்கது நடக்கட்டும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் பிச்சையாவை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு அய்யாக்குட்டி ரைட்டர் அறைக்குள் போனார்.

"பிச்சையா எனக்குப் பன்னெண்டு வயசு எளையவன். நான் கண்ணால கண்டவன்" என்றார்.

ரைட்டர் தாளைப் புரட்டினார். "உமக்கு நாப்பத்தொம்பது. அதுல பன்னெண்டு போனா முப்பத்தேழு. ஓய், அந்த மூஞ்சிக்கு முப்பத்தேழா? சாட்சி சொல்ல வந்தவரு கொஞ்சம் கணக்குப் பாத்துட்டு வரப்படாதா?"

அய்யாக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார். "எனக்கு நாப்பத்தொம்பது இல்ல. அம்பத்தேழு. தாது வருஷம் பொறந்தவன்."

ரைட்டர் நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"நெசமாத்தாங்க. ஒரு மாசமா ஸ்நோ பூசியிருந்தேன்."

"ஸ்நோ பூசினா எட்டு வயசு குறையுமா? எந்தக் கடைன்னு சொல்லும். எங்க வீட்டுக்கும் ஒரு குப்பி வேணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு ரைட்டர் கொஞ்சம் தணிந்து பேசினார். "பழகின ஆளுக்காகப் பொய் சொல்லுதீரு. நல்ல மனசுதான். ஆனா டாக்டர் எழுதி, துரையும் ஒப்பம் போட்டாச்சு. நீரே வேலைய விட்டுட்டுப் போனாலும் உம்ம இடந்தான் காலியாகும். அவன் வயசு குறையாது. போய் மூட்டையைப் பாரும்."

அப்படியானால் என்னையும் அனுப்பிவிடுங்கள் என்ற வார்த்தை அய்யாக்குட்டியின் தொண்டைவரை வந்தது. திருவேங்கடத்துப் பானையின் நினைப்பும் கூடவே வந்தது. வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வந்தார்.

பிச்சையா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொன்னீங்களா அண்ணாச்சி?"

"சொன்னேம்லே. எனக்கு அம்பத்தேழுன்னே சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்காரு."

பிச்சையா அவர் முகத்தையே பார்த்தான். ஒரு மாதம் பாலாடையும் ஸ்நோவும் தின்ற முகம் காலை வெளிச்சத்தில் வழவழவென்று இருந்தது. பிறகு அவர் இடுப்பில் தொங்கின கிட்டங்கிச் சாவிக்கொத்தைப் பார்த்தான்.

"அம்பத்தேழுன்னு சொல்லியிருந்தா உங்களையும்லா அனுப்பியிருப்பாவ" என்றான். குரலில் கோபமே இல்லை. "போட்டும் அண்ணாச்சி. உங்க எடத்துல நான் இருந்தாலும் எனக்கும் வாய் வந்திருக்காது."

"ஏலே, சத்தியமாச் சொன்னேம்லே" என்றார் அய்யாக்குட்டி.

பிச்சையா தலையை ஆட்டினான். பெரியவர் மனசு நோகக் கூடாதே என்று ஆட்டினதுதான் அது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தென்காசி ரோட்டில் நடந்தான்.